சூறாவளி சுந்தரத்தின் பழுப்பு பூட்ஸ்

அக்கா புத்தகத்தைக் கையில் வாங்கியதும் பிரித்துப் படிக்கவில்லை. எழுந்து போய் சமையலறையைத் தாண்டி, பின்பக்கக் கதவைத் திறந்து, வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்துப் பார்த்தாள்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் காலம் தள்ளியவர்கள் எல்லோரும் இப்படித்தான். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு நிறத்தைப் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்வது, வாயில் வைக்காமலே குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்வதைப் போல அவர்களுக்கு. வேலூரில் அக்காவோடு புடவை எடுக்கப் போனால் எனக்கு மானம் போய்விடும். புடவையைத் தூக்கிக்கொண்டு நேராகத் தெருவுக்கு வந்துவிடுவாள். கடைக்காரர் திருடு போகிறதோ என்று பின்னாலேயே வருவார்.

அன்றைக்கு மழை விட்டு வெயில் லேசாக வந்திருந்தது. அவள் மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். அக்கா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"டேய், இன்னாடா இது? பூட்ஸு டேன்ல இருக்குது?" ஷூ கம்பெனியில் பழுப்புக்கு டேன் என்றுதான் பெயர்.

"ஆமா."

"எல்லாப் பக்கத்துலயுமா?"

"கடைசிப் பக்கம் வரைக்கும் அதான்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தாள்.

"இது நான் போட்ட கலருடா!"

அதைச் சொல்லத்தான் நான் காட்பாடியிலிருந்து பஸ் மாறி வந்திருந்தேன். ஆனால் அவளே கண்டுபிடிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யார் இந்தச் சுந்தரம்?

இளைய வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். சூறாவளி சுந்தரம் எங்கள் காலத்து சூப்பர் ஹீரோ. பகலில் கடிகாரம் ரிப்பேர் செய்வான். ஆபத்து என்று யாராவது கூவினால் சிவப்பு மேலங்கியும் கண் மறைப்பும் மாட்டிக்கொண்டு மொட்டை மாடிகளின் மேல் பறப்பான். ஏன் பறக்கிறான், யார் அந்தச் சக்தியைக் கொடுத்தது என்றெல்லாம் கதையில் விளக்கம் கிடையாது. நாங்களும் கேட்டதில்லை.

சாணித் தாளில் அச்சடித்த மெல்லிய இதழ். அட்டைக்கு மட்டும் எல்லா நிறமும் உண்டு. உள்ளே கறுப்பும் சிவப்பும் மட்டும்தான். சிவப்பு முழுக்க மேலங்கிக்கே செலவாகிவிடும். மற்றதெல்லாம் தாளின் நிறம். அட்டையில் சுந்தரத்தின் பூட்ஸ் கறுப்பாக இருக்கும். உள்ளே போனால் வெறும் கோடு, வெள்ளையாகக் கிடக்கும்.

படம் வரைந்தவர் பெயர் எங்கேயும் இருக்காது. கதை எழுதியவர் பெயரும் இருக்காது. கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சகத்தின் பெயர் மட்டும் எறும்பு எழுத்தில் இருக்கும்.

புத்தகம் எப்படி வந்திருக்கிறது?

இப்போது சென்னையில் ஒரு சிறிய பதிப்பகம் இந்த இதழ்களைத் தேடித் திரட்டி, படங்களைச் சுத்தம் செய்து, முழுக்கப் புதிதாக வண்ணம் ஏற்றிக் கெட்டி அட்டைத் தொகுப்பாகக் கொண்டுவந்திருக்கிறது. கனமான புத்தகம். படுத்துக்கொண்டு படித்தால் நெஞ்சு வலிக்கும்.

புது வண்ணம் என்றதும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பழைய படங்களுக்கு வண்ணம் ஏற்றுகிறேன் என்று கல்யாண மண்டப பேனர் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். இதிலும் ஓரிரு இடங்களில் அந்தக் கோளாறு இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சூரியன் மறையும் காட்சியில் ஆரஞ்சு கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் நிதானமான வேலை. இரவுகளுக்குக் கறுப்பு பூசாமல் பச்சை கலந்த நீலத்தைப் போட்டிருக்கிறார்கள். மணிக்கூண்டின் மேல் சுந்தரம் மழையில் நிற்கும் அந்தப் பெரிய படம் முன்பெல்லாம் ஒரு மைத் திட்டாகத்தான் இருந்தது. இப்போது மழைத்துளி தெரிகிறது. அவன் முகத்தில் ஒரு களைப்பு தெரிகிறது. அவன் களைப்பான ஆள் என்பதே எனக்கு இத்தனை வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். பழைய அச்சில் சிவப்பு எப்போதும் ஒரு நூல் விலகித்தான் விழும். ஆள் ஓரிடத்தில் இருப்பான், மேலங்கி பக்கத்தில் இருக்கும். அவன் போகும் வேகத்துக்கு மேலங்கியால் ஈடு கொடுக்க முடியவில்லை என்று நான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். புதிய பதிப்பில் மேலங்கி ஒழுங்காகத் தோளில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அவன் வேகம் கொஞ்சம் கம்மியாகிவிட்ட மாதிரி தோன்றியது.

முன்னுரையில்தான் விஷயம். 'இரண்டே நிறத்தில் அச்சிட்ட அந்தக் காலத்திலும், நாயகனின் பூட்ஸுக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு பழுப்பு நிறம் சேர்த்திருக்கிறார்கள். முனையில் சற்று அழுத்தமாக, குதிகாலில் இளசாக. அந்த அக்கறையை மதித்து, தொகுப்பு முழுவதும் அதே பழுப்பைப் பின்பற்றியிருக்கிறோம்' என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த பஸ்ஸில் ஆம்பூர் கிளம்பிவிட்டேன்.

சலீம் பாய் கடை

போன வாரம் இந்தத் தொடரில் வந்த, பேரணாம்பட்டு ரோட்டில் என் மோப்பெட் கவிழ்ந்து சாயப்பொடி கொட்டிய கதையைப் படித்துவிட்டு ஒரு நண்பர், "உங்க கதையில எதைத் தொட்டாலும் சாயமாவே இருக்கே" என்றார். நான் என்ன செய்ய? அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் சாய டிரம் ஓட்டினார். நான் தோல் கெமிக்கல் விற்றேன். அக்கா ஷூ தைத்தாள். எங்கள் வீட்டில் சாயம் ஒட்டாத துண்டு என்று ஒன்று இருந்ததில்லை.

ஆம்பூர் பஜாருக்குள் சலீம் பாய் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்தார். முதுகு ஒடிந்த நாவல்கள், உருதுப் பத்திரிகைகள், கயிற்றில் தொங்கும் காமிக்ஸ். திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்ப்பார். எண்ணெய்க் கறை இருந்தால் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, நேற்று எங்கள் வீட்டில் என்ன பொரித்தோம் என்று சொல்வார்.

ஒருமுறை அக்கா திருப்பிக் கொடுத்த இதழில் சுந்தரத்தின் பூட்ஸ் எல்லாம் பழுப்பாக இருந்தது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இப்படி பேஜார் பண்ணிட்டே? இதை இனிமே எவன் வாடகைக்கு எடுப்பான்? நீயே வச்சிக்கோ. பாதி விலை குடுத்துட்டுப் போ."

அம்மா திட்டித் தீர்த்தாள். ஆனால் அந்த இதழ் எங்களுடையதாகிவிட்டது. அதன் பிறகு எந்தெந்தக் கதை அக்காவுக்கு ரொம்பப் பிடித்ததோ, அந்தந்த இதழில் பூட்ஸ் பழுப்பாகிக்கொண்டே வந்தது. பாய்க்குப் புரியாமல் இல்லை. கடைசி காலத்தில் அவள் கையில் இதழைக் கொடுக்கும்போதே, "வாடகைக்கா, சொந்தத்துக்கா?" என்று கேட்பார்.

எனக்கோ பற்றிக்கொண்டு வரும். நான் புத்தக ஓரத்தை மடிக்கக்கூடாது என்கிற கட்சி. இவள் சாயம் அடித்தால் பொறுக்குமா?

"எதுக்கு இப்படி நாசம் பண்ற?"

"வெள்ளைத் தோல்ல பூட்ஸ் போட்டுகினு எவனாவது செவுரு ஏறுவானா? ஒரே நாள்ல அழுக்காய்டும். அறிவு வேணாம்?"

அட்டையில் கறுப்பாக இருக்கிறதே என்று கேட்டால், அது கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்கிற ஜோடி என்பாள்.

ஒரே மூடியில் கரைத்த சாயம்

அந்தப் பழுப்பை அச்சு நிறம் என்று பதிப்பகத்தார் நம்பியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. காரணம் இருக்கிறது.

மற்ற பிள்ளைகள் காமிக்ஸுக்கு வண்ணம் அடித்தால் ஒரு பக்கத்தில் அடர்த்தியாக இருக்கும், அடுத்த பக்கத்தில் தண்ணீராக ஓடும். எங்கள் வீட்டில் அது நடக்காது. சாயம் ஒருமுறை கரைத்தால் அந்த லாட் தோல் முழுக்க அதிலேயே முடிய வேண்டும், மறுபடி கரைத்தால் அதே நிறம் வரவே வராது. தோல் ஷெட் வீடுகளில் பிறந்த குழந்தைகளுக்கு இது பேச்சு வருவதற்கு முன்பே தெரியும். அக்கா சாயப்பொடியை மருந்து பாட்டில் மூடி ஒன்றில் சுடுதண்ணீர் விட்டுக் கரைப்பாள். தீக்குச்சி நுனியில் பஞ்சு சுற்றி, இதழைத் தரையில் விரித்துப் போட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் எல்லா பூட்ஸையும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அப்புறம் முனைகளுக்கு மட்டும் இன்னொரு கை.

அதனால் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ஒரே பழுப்பு. தோலுக்குப் போடும் சாயம் என்பதால் இத்தனை காலத்தில் வெளுக்கவும் இல்லை. தாளின் பின்பக்கம் ஊறியிருந்ததும் அந்தக் காலத்து மை ஊறியதைப் போலத்தான் இருந்தது.

தொகுப்புக்காக இதழ்கள் கேட்டுப் பதிப்பகத்தார் வாசகர்களிடம் அறிவிப்புச் செய்தபோது, அதற்கு வேண்டிய பெரும்பாலான இதழ்கள் என்னிடம்தான் இருந்தன. எல்லாம் அக்கா கைபட்டவை. கூரியரில் அனுப்பினேன். சாயத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தாலே தெரியும் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் எவருக்கும் பார்த்தால் தெரியும்.

அக்காவின் கொண்டாட்டம்

அக்கா அந்தப் புத்தகத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை. மருமகளுக்குக் காட்டினாள். பக்கத்து வீட்டில் காட்டினாள். தன்னோடு கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைத்த பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர்கள் வந்து, கதையைப் பற்றிக் கவலைப்படாமல், பூட்ஸைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த முறை நான் போனபோது சொன்னாள்.

"எத்தினி ஷூ தைச்சிருப்பேன். எல்லாம் பெட்டியில போட்டு கப்பல் ஏறிப் போய்டும். எவன் போட்டுகினான், எங்க நடந்தான், ஒண்ணும் தெரியாது. ஒரு ஜோடி கூட என் கண்ணு முன்னாடி நடந்தது இல்ல. இந்தாளு பாரு, நான் கலர் போட்ட பூட்ஸை மாட்டிகினு எம்மாம் உயரத்துல நிக்கிறான்!"

அவள் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அத்தான் போனதற்குப் பிறகு அவள் யாரையும் கூப்பிட்டு எதையும் காட்டியதில்லை. எனக்கும் ரொம்ப மகிழ்ச்சியாக இருந்தது.

சென்னையிலிருந்து போன்

பதிப்பகத்திலிருந்து அருண் என்கிற பதிப்பாசிரியர் பேசினார். இளைஞர், மரியாதையாகப் பேசுவார். புத்தகம் நன்றாகப் போகிறது, இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"சார், கோயம்புத்தூர்ல இருந்து ஒரு வாசகர் ஒரு பழைய இதழ் அனுப்பியிருக்கார். அதுல உள்பக்கத்துல பூட்ஸ் வெள்ளையா இருக்கு. பழுப்பே இல்லை. உங்க பிரதியில இருக்கிறது அச்சு நிறம்தானே? வேற வேற அச்சுல வேற வேற மாதிரி வந்திருக்கலாம். நீங்க ஆமான்னு சொன்னா அப்படியே விட்டுடுறோம். இல்லைன்னா அட்டைப்படத்துல இருக்கிற கறுப்பை எல்லாப் பக்கத்துக்கும் மாத்தணும்."

பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. என்ன சொல்வது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஓரத்தை மடிக்கக்கூடாது என்று சண்டை போட்டவன்தான் நான். மூலத்தில் இருப்பது புள்ளி மாறாமல் வர வேண்டும் என்று காமிக்ஸ் ரசிகர் கூட்டங்களில் மேசையைத் தட்டிப் பேசியவன். ஆனாலும் ஒரு பூட்ஸ் பழுப்பாக இருந்தால் யார் குடி முழுகிவிடும்? அக்கா முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு மூலமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

அவளிடம் சொல்லாமலே முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு எதையும் அடக்கி வைக்கத் தெரியாது. அன்று சாயங்காலமே போனில் உளறிவிட்டேன்.

"நான் ஆமான்னு சொல்லிடறேன்க்கா. நீ ஒண்ணும் கவலைப்படாதே."

"இப்ப ஒண்ணும் சொல்லாத. நான் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

சில நாள் கழித்துக் கூப்பிட்டாள். நேரில் வா என்றாள். போனேன். அந்தத் தம்பியின் நம்பரைப் போடு என்றாள். போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தேன். நான் சொல்ல வேண்டியதை அவளே சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி, நான் ஆம்பூர்லருந்து பேசறேன். இவனோட அக்கா. அந்த பூட்ஸ் கலரு அச்சுல வந்தது இல்ல. நான் போட்டது. சின்னப் பொண்ணா இருக்கறப்போ தோல் சாயத்தைக் கரைச்சுப் போட்டேன்."

அருண் குரல் சட்டென்று உயர்ந்தது.

"அம்மா, நிஜமாவா? அவ்ளோ நல்லா இருக்கேம்மா!"

"நல்லாத்தான் இருக்குது. அது வேற. அட்டையில வரைஞ்சவரு கருப்புதான போட்டிருக்காரு? கருப்பே போட்டுடுங்க."

"மாத்தினா நீங்க பண்ணது மொத்தமும் போய்டும்மா." அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்ணலாம். கறுப்பா மாத்திட்டு, முன்னுரையில இந்தக் கதையைச் சொல்லி, நன்றின்னு உங்க பேரைப் போட்டுடுறோம்."

"படம் வரைஞ்சவரு பேரு போட்டிருக்கீங்களா?"

"அவர் யாருன்னே தெரியலைம்மா. எவ்வளவோ தேடிப் பார்த்தோம். அச்சகம் இருந்த இடத்துல கூடப் போய் விசாரிச்சோம்."

"அவரு பேரே இல்லாத புஸ்தகத்துல என் பேரு எதுக்கு தம்பி? வேணாம்."

போனை என்னிடம் நீட்டினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சும்மா இருந்திருக்கலாம் இல்ல? யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்கு மட்டும் ஆசை இல்லியாடா?" அவள் குரல் உடைந்தது. "எத்தினி தடவை அந்தப் பக்கத்தைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தேன்னு உனக்குத் தெரியுமா? ஆனா அந்தாளு ராவும் பகலும் உக்காந்து வரைஞ்சிருக்கான். கூலியை வாங்கிகினு போய்ட்டான். எவனும் பேரு போடல. நான் தைச்ச ஷூவுல எவன் எவன் பேரையோ அடிச்சு அனுப்பினாங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நானே போயி அவன் வேலை மேல ஏறி உக்காருவனா?"

அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள்.

இரண்டாம் பதிப்பு

இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. பூட்ஸ் கறுப்பு. முன்னுரையில் மூன்றாவது நிறத்தைப் பற்றிய வரிகளை எடுத்துவிட்டார்கள். விமர்சனமாகச் சொன்னால் ஒரு குறையும் இல்லை. அந்த நீல இரவுகளுக்குக் கறுப்பு பொருந்தித்தான் போகிறது. தொகுப்பு வாங்க நினைப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். வரைந்தவரின் கோடுகளை இவ்வளவு தெளிவாக நாங்கள் சின்ன வயதில் பார்த்ததே இல்லை.

அக்காவுக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். பொறுமையாகப் பார்த்தாள். "சரியா பண்ணியிருக்கான் அந்தத் தம்பி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் டேன் நல்லாத்தான்டா இருந்துச்சு" என்றாள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

இதை இந்தத் தொடரில் எழுதப் போகிறேன் என்று சொன்னேன். எழுதிக்கொள், ஆனால் என் பெயரைப் போடாதே என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். இத்தனை வாரமாக அக்கா, அக்கா என்றே எழுதிவந்ததில் வாசகர்களுக்கும் அது பழகியிருக்கும்.

ஆனால் அவளுக்கு இருக்கிற நியாயமெல்லாம் எனக்குக் கிடையாது. முதல் பதிப்பு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். அந்தப் பழுப்பைப் போட்டவள் பெயர் மல்லிகா.